வரப்பு வெட்டும் ஆறுகள்

உடுமலைப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. ஆனால் அங்கே ஓடும் பாம்பாறு நம் அமராவதி அணைக்குத்தான் வருகிறது. மலைக்கு அந்தப் பக்கத்து ஆறுகளோ அரபிக்கடலுக்குப் போகின்றன. அப்படியிருக்க இரண்டு பக்கமும் ஒரே வகை மீன்கள் எப்படி? மீன் மலையேறுமா?"

கேரளத்தின் 44 ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு மூன்று மட்டும் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கின்றன. மீதி 41 மேற்கே போகின்றன. நன்னீர் மீன் உப்புத் தண்ணீரில் தாங்காது என்பதால் கடலைச் சுற்றிக்கொண்டும் வர முடியாது. மழையோடு மீன் கொட்டியதாக வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றும் வீடியோக்களை விட்டுவிடுவோம். விரால், பனையேறிக் கெண்டை போன்றவை ஈரத்தரையில் கொஞ்ச தூரம் நகரும், உண்மைதான். ஆனால் குளம் விட்டுக் குளம் போகலாமே தவிர மலை தாண்ட அது போதாது.

'பவானியா' என்ற மீனை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான். அடிவயிறு தட்டை. துடுப்புகளை இருபுறமும் விரித்துப் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொள்ளும். அருவி தலைமேல் கொட்டினாலும் அசையாது. இதை 1849-ல் இயற்கை ஆய்வாளர் ஜெர்டன் விவரித்தது வாளையார்க் காட்டிலிருந்து. அந்தத் தண்ணீர் பாரதப்புழை வழியாக மேற்கே போகிறது. 1920-ல் மீன் ஆய்வாளர் சுந்தர்லால் ஹோரா இதற்கு வைத்த பேரினப் பெயரோ கிழக்கே ஓடும் பவானி ஆற்றுடையது. வேகமாக ஓடும் மலைத் தண்ணீர் இல்லாமல் வாழாத மீன் இது. பொள்ளாச்சிச் சமவெளியின் வெயிலில் நீந்தி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருக்கும் என்று நினைக்க வழியில்லை.

இதற்கான விடையில் எனக்கு எப்போதும் ஒரு கிறுக்கு உண்டு. புவியியலில் அதை ஆற்றுக் கவர்வு என்பார்கள். மலைமுகட்டின் இரு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இரண்டு ஓடைகள் பிறக்கின்றன. மேற்குப் பக்கத்தில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழை மறைவான சின்னாறில் சுமார் 500 தான். தவிர, மேற்கே கடல் கிட்டத்தில் இருக்கிறது. அதே உயரத்தைச் சில பத்து கிலோமீட்டரில் இறங்க வேண்டும் என்பதால் சரிவும் கடுமை. கிழக்கே போகும் தண்ணீர் வங்கக்கடல் வரை நிதானமாக நடக்கிறது. ஆக, மேற்கு ஓடைக்கு அரிக்கும் பலம் அதிகம். அது தான் பிறக்கும் இடத்தையே அரித்துப் பின்னோக்கி நகர்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் வருஷம் ஒரு சாண் வரப்பை வெட்டிக்கொண்டே வருவாரே, அந்தக் கதைதான். கேட்க ஆளில்லாமல் பல லட்சம் வருஷம் நடக்கிறது.

கடைசியில் அந்த அரிப்பு கிழக்கு ஓடையின் விலாவில் போய் முட்டுகிறது. தண்ணீருக்குப் பள்ளம்தானே தெரியும்? புதுப் பாதை தாழ்வாக இருப்பதால் கிழக்கே போய்க்கொண்டிருந்த மேல்பகுதி முழுக்க மேற்கே திரும்பிவிடுகிறது. உள்ளே பாறையில் ஒட்டிக்கிடந்த மீன் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை, ஆனால் அதன் ஆறு மாறிவிட்டது! திரும்பிய இடத்தில் ஆறு முழங்கை போல் மடங்கி நிற்கும். கீழே, பெரிய பள்ளத்தாக்கில் பொருத்தமே இல்லாமல் ஒரு சின்ன ஓடை ஊர்ந்துகொண்டிருக்கும். பிரிந்துபோன இரண்டு மீன் கூட்டங்களின் மரபணுக்களில் அதற்கப்புறம் தனித்தனியே மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றை எண்ணிப் பார்த்தால் எப்போது பிரிந்தன என்று ஏறக்குறையச் சொல்லலாம்.

பனியுக உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இன்று கடலில் தனித்தனியே கலக்கும் ஆறுகள் வெளிப்பட்ட தரையில் நீண்டு ஒன்றோடொன்று கலக்க அப்போது வாய்ப்பிருந்தது. அதுவும் ஒரு வழி.

சரி, இதெல்லாம் இயற்கை தன் போக்கில் செய்தது. நாம் வந்ததும் வேகம் பிடித்தது. முல்லைப் பெரியாறு அணை 1895-லேயே மேற்கே போன தண்ணீரைச் சுரங்கம் வழியாக வைகைக்குத் திருப்பியது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் சாலக்குடிப் படுகைத் தண்ணீரைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தது. ஜிலேபிக் கெண்டை 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இன்று அமராவதி அணையில் வலை போட்டால் அதுதான் ஏறுகிறது. 2018 வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய அமேசான் மீன் அரபைமா சாலக்குடி ஆற்றிலேயே சிக்கியது.

இவற்றைவிட எனக்கு வயிறெரிவது மஹசீர் என்ற பெரிய ஆற்றுக் கெண்டை விஷயத்தில். 50 கிலோவைத் தாண்டும் காவிரியின் திமில் மஹசீரைத் தூண்டில்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து வந்தார்கள். ஆனால் அது அறிவியலில் எந்த இனம் என்று தெளிவானது 2018-ல்தான். அதற்குப் பொருந்திய பெயர், சில வருஷம் முன்பே பாம்பாற்றில் கிடைத்த குஞ்சுகளை வைத்துச் சூட்டப்பட்டது. அதற்குள் கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹசீரை மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரிக்கவைத்து, பாதுகாப்பு என்ற பெயரில் காவிரியில் விட்டுப் பெருக்கியிருந்தார்கள். திமில் மஹசீர் இப்போது அழிவின் விளிம்பில். லட்சம் குஞ்சு விட்டுப் போட்டோ எடுக்கப் பணம் கிடைக்கிறது. எந்த ஓடையில் எந்த மீன் என்று உட்கார்ந்து எண்ணுகிற மாணவருக்கு ஒரு ஜீப் வாடகை கிடைப்பதில்லை.

பாம்பாற்றுக்குக் கீழே 1957-லிருந்து அமராவதி அணை நிற்கிறது. காவிரியிலிருந்து புது மஹசீர் எதுவும் நீந்தி மேலே வர முடியாது. மேலே மிச்சமிருப்பவற்றின் நடுவே வெளியூர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடாமலிருந்தால் போதும், அதற்குப் பணம்கூடத் தேவையில்லை.