நடந்த நடை காணாதோ? வன்னியில் இயற்கையோடு நடப்பதும் மனநலமும்

“நடக்கிறதோ? நாங்கள் நடந்த நடை காணாதோ, பிள்ளை?”

உளநலக் கிளினிக்கில் யாரிடமாவது “பின்னேரத்தில் கொஞ்சம் நடந்து பாருங்கள்” என்று சொன்னால் எனக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் இது. சொல்பவர் பெரும்பாலும் ஐம்பது தாண்டிய அம்மாவாக இருப்பார். இலங்கைப் போரின் கடைசிக் காலத்தில், 2008இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து வெளிக்கிட்டு, கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வொரு இடத்திலும் சாமான் கட்டி அவிழ்த்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போய் முடிந்த நடை அவருடையது. அதற்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். “நட” என்றால் அவருக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

இந்தப் பதிலை நான் ஒருபோதும் மறுத்துப் பேசுவதில்லை. மனம் சோர்ந்தால் காட்டுப் பாதையில் நடங்கள், இயற்கைக்குள் போங்கள் என்று உலகம் முழுக்க எழுதுகிறார்கள். எழுதுபவர்களுக்குக் காடு என்றால் விடுமுறை. இங்கே ஒரு தலைமுறைக்குக் காடு என்பது பதுங்கிக் கிடந்த இடம், செல்லடிக்குத் தப்பி ஓடிய வழி, சொந்தத்தை விட்டுவிட்டு வந்த இடம். அந்த அறிவுரையை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது. ஆனாலும் நடப்பது உதவுகிறது என்பதை என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எப்படிப்பட்ட நடை உதவுகிறது, எது உதவாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் ஆட்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். எங்களிடம் வருபவர்கள் “மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “ஒரே யோசினை” என்பார்கள். தலையிடி, நெஞ்சு இடிக்குது, நித்திரை இல்லை, உடம்பெல்லாம் எரியுது என்பார்கள். அந்த யோசினை செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும். அப்போது இப்படிச் செய்திருக்கலாமே, அந்தக் கையை விடாமல் இருந்திருக்கலாமே, கடனை எப்படிக் கட்டுவது. 2015இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிரெகரி பிராட்மன் குழுவினர் இந்தச் சுற்றும் யோசினையைத்தான் ஆராய்ந்தார்கள். 38 பேரில் ஒரு பாதியினரைப் புல்லும் மரமும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். மற்றவர்களை வாகனம் ஓடும் பெருந்தெருவோரம் அதே அளவு நேரம் நடக்கவிட்டார்கள். மரங்களுக்கு இடையே நடந்தவர்களுக்கு யோசினை குறைந்திருந்தது. அதோடு தொடர்புடைய, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஒரு மூளைப் பகுதியின் இயக்கமும் தணிந்திருந்தது. பெருந்தெருவோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அவர்கள் எல்லாரும் மனநோய் எதுவும் இல்லாத நகரவாசிகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் சுமப்பதை அவர்கள் சுமக்கவில்லை.

உடம்பின் பக்கம் சொல்வதற்கு அதிகம் இல்லை. நடக்கும்போது மூச்சு ஆழமாகிறது, இறுகிய தோள் தளர்கிறது, காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவில் நித்திரை ஒழுங்காகிறது. மனச்சோர்வு உள்ளவர் “மனம் சரியானதும் நடப்பம்” என்று காத்திருப்பார். அது தலைகீழ். முதலில் கால் நடக்க வேண்டும், மனம் பின்னால் வரும். இது சிகிச்சையில் நாங்கள் தெரிந்தே பயன்படுத்துகிற முறை.

இனி வன்னிக்கு வருவோம். இங்கே ஏறுவதற்கு மலை இல்லை. ஆனால் குளக்கட்டு இருக்கிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று பெரிய குளங்கள் மட்டும் இல்லை, பேர் தெரியாத ஊர்க்குளங்களும் எத்தனையோ. மனம் காயப்பட்டவருக்குக் குளக்கட்டைவிட நல்ல நடைபாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். முன்னும் பின்னும் தூரம் வரை தெரியும். யார் வருகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியும், எந்த இடத்திலும் திரும்பி வரலாம். போர்க்கால நினைவு இன்னும் உடம்பில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம். அடர்ந்த காட்டுக்குள் போனால் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பயத்தில் பழகிய மூளை உடனே காவல் நிலைக்குப் போய்விடும்.

மகனைத் தொலைத்த ஒரு அம்மாவோடு அப்படி ஒரு குளக்கட்டில் நடந்தேன். முதல் நாள் துருசு (மதகு) வரைக்கும்கூடப் போகவில்லை. அவர் நின்றார், நானும் நின்றேன், திரும்பினோம். சில கிழமைகள் கழித்து இன்னும் கொஞ்சத் தூரம் போனபோது, அலைகரைப் புல்லுக்குள்ளிருந்து ஒரு ஆட்காட்டி வீரிட்டுக் கத்திக்கொண்டு எழும்பியது. அம்மாவின் கை என் முழங்கைக்கு மேலே வந்து இறுகிப் பிடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு நின்றது போலிருந்தது. நான் எதுவும் விளக்கவில்லை. “என்ன பறவையம்மா அது?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “ஆக்காட்டி. கிட்டடியிலை முட்டை இருக்கும், அதுதான் கத்துது.” சொல்லிக்கொண்டே குனிந்து புல்லைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. சின்ன வயதில் வயல் காவலுக்குப் போனபோது ஆட்காட்டி முட்டையை மிதித்துவிடாமல் தகப்பன் வழிகாட்டி நடந்த கதையை அன்று திரும்பும்போது சொன்னார். அதற்கு முன்பு 2009க்கு முந்திய எதையும் என்னிடம் அவர் கதைத்ததில்லை.

உளவளத்துணையில் இதற்கு ஒரு வழிமுறை உண்டு. பழைய நினைவு வெள்ளமாக வரும்போது கண் பார்ப்பதையும் காது கேட்பதையும் கால் உணர்வதையும் பேர் சொல்லிச் சொல்லி ஆளை இந்த நேரத்துக்கு, இந்த இடத்துக்குக் கொண்டுவருவது. அறைக்குள் கதிரையையும் மின்விசிறியையும் காட்டி அதைச் செய்யலாம். ஆனால் வெளியே மருதமரம், நீர்க்காகம், கொக்கு, வைகாசி ஆனியில் பழுக்கிற பாலை எல்லாம் இருக்கின்றன. இவற்றை எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியாத மரத்துக்கு அவர்கள் பேர் சொல்வார்கள். கிளினிக்கில் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவர் வெளியே வந்ததும் சொல்லித்தருகிறவராகிறார். அதைப் பார்ப்பதற்காகவே நான் மேசையை விட்டு வெளியே போவேன்.

ஆம்பிளைகளுக்கு வேறொரு பயன். எதிரே உட்காரவைத்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் “ஒண்டுமில்லை மிஸ், தலையிடி மட்டும்தான்” என்பார்கள். பக்கத்தில் நடந்தால் கண்ணும் கண்ணும் சந்திக்காது. நெல்லுக்கும் உரத்துக்கும் கடன்பட்ட ஒரு விவசாயி, தன் வாய்க்கால் வரம்பில் எனக்கு முன்னால் நடந்துகொண்டே, திரும்பிப் பாராமல், பூச்சிமருந்துப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்த இரவைச் சொன்னார். அந்த நடையைச் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். அன்றே அவருடைய மனைவியோடு கதைத்து, கிருமிநாசினியை வீட்டை விட்டு அகற்றி, அவரை உளநல மருத்துவரிடம் அனுப்பினோம். நடை இல்லாமல் போயிருந்தால் அந்த இரவு எனக்குத் தெரியவந்திருக்காது.

இதைத் திடமாகச் சொல்ல வேண்டும். சாக வேண்டும் என்ற நினைப்பு, சாப்பாடும் நித்திரையும் அறவே இல்லாமல் போவது, யாரோ கதைப்பது போலக் காதில் கேட்பது, இவற்றுக்கு மருத்துவம்தான் வேண்டும். நடை மருந்துக்கு மாற்று ஆகாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல உதவி எண் 1926, எந்த நேரமும் அழைக்கலாம். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ்.

இன்னொன்று. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளிடம் “கொஞ்சம் வெளியில் போய் நடந்து மறந்துவிடுங்கள்” என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாக அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது பதிலுக்காக. அந்தப் பதிலைக் குளக்கட்டு தராது. கேட்டுக்கொண்டே இருப்பதற்கு வேண்டிய நித்திரையையும் தெம்பையும் தரலாம். அவ்வளவு சொன்னால் போதும், அதற்கு மேல் சொன்னால் பொய்.

பொம்பிளைகள் தனியாக நடப்பதில் ஊர்வாய் என்ற சிக்கல் இருக்கிறது. “எங்கை போட்டு வாறாய்?” என்ற கேள்விக்குப் பயந்தே பல இளம் பெண்கள், அதுவும் கணவனை இழந்தவர்கள், படலையைத் தாண்டுவதில்லை. அவர்களைத் துணிச்சலாகத் தனியே போகச் சொல்வதில் பயனில்லை. மாதர் சங்கக் கூட்டம் முடிந்து நாலைந்து பேர் சேர்ந்து கட்டைச் சுற்றி வருவது, வெள்ளிக்கிழமை ஓட்டோவை விட்டுவிட்டுக் கோவிலுக்கு நடந்தே போவது என்று, ஊருக்குப் பழகிய காரணத்தோடு தொடங்கினால் நடக்கும். எங்கள் சனத்துக்குச் சேர்ந்து நடப்பது புதிதல்ல. யாழ்ப்பாணத்தின் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கதிர்காமத்துக்கு இன்றும் பாதயாத்திரை போகிறார்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் மடு மாதா கோவிலுக்கும் நடந்துபோன கதை எந்த வீட்டிலும் இருக்கும். அந்த நடையைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும். இடம்பெயர்ந்த நடையைக் கேட்டால் இருண்டுவிடும். களைப்பு இரண்டிலும் உண்டு, கால் கொப்பளிப்பதும் உண்டு. யாத்திரைக்குப் போனவர் தானாக விரும்பிப் போனார், துணையோடு போனார், வீட்டுக்குத் திரும்பி வந்தார். நான் ஒருவருக்கு நடையைச் சொல்லும்போது பார்ப்பதும் இந்த மூன்றையும்தான். எந்த வழி, எவ்வளவு தூரம், எங்கே திரும்புவது என்பதை அவரே சொல்ல வேண்டும். அந்த முடிவை நான் எடுத்தாலோ, அக்கறையில் மருமகளோ மகனோ எடுத்தாலோ, அது இன்னொரு “வெளிக்கிடுங்கோ” ஆகிவிடும்.

கால் இழந்தவர்களை விட்டுவிட்டு வன்னியில் நடையைப் பற்றி எழுதக் கூடாது. செயற்கைக் கால் போட்டவருக்குக் கிரவல் போட்ட குளக்கட்டில் நடப்பது வலிக்கும், வெயிலில் வியர்த்து எஞ்சிய கால் புண்ணாகும். அவர்களுக்கு நான் சொல்வது: நடக்கவே வேண்டாம், போய் உட்கார்ந்திருங்கள். 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்றில், கிழமைக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். அதை ஒரே தடவையில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாளைக்குப் பார்த்தால் இருபது நிமிடம்கூட இல்லை. மருதமர நிழலில் உட்கார ஒரு வாங்கு (நீள இருக்கை) இருந்தால் போதும். பிரதேச சபைகள் குளக்கட்டுகளில் அப்படி நாலு வாங்கு போட்டால், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் ஒன்று வைத்தால், அது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

இனி ஆபத்துகள். மிதிவெடி அகற்றாத இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுப் பலகையோ சிவப்புக் குறியோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லை என்பதற்காகக் காட்டுக்குள் புதிதாக வழி எடுக்காதீர்கள். ஊர்ச்சனம் நாளாந்தம் போய்வரும் பாதையிலேயே நில்லுங்கள். துருப்பிடித்த எதையும் காலால் தட்டிப் பார்க்க வேண்டாம், கிராம அலுவலரிடமோ 119இலோ சொல்லுங்கள். பொழுதுபட யானை தண்ணிக்கு இறங்கும், அதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அலைகரைப் புல்லில் புடையன் பாம்பு கிடக்கும், செருப்போடு நடங்கள். முதலை உள்ள குளத்தில் கால் கழுவ இறங்காதீர்கள்.

மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். லித்தியம் எடுப்பவருக்கு வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக ஏறலாம். கை நடுக்கம், தள்ளாட்டம், வயிற்றோட்டம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். குளோர்புரோமசீன் எடுப்பவர்களின் தோல் வெயிலில் எளிதில் கருகும், உடம்புச் சூடும் தணியாது. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன்போ பின்னேரம் நாலரைக்குப் பிறகோ, தண்ணிப் போத்தலோடு, தொப்பியோ குடையோ பிடித்து நடங்கள். அந்தப் பயத்தில் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மே மாதத்தில் பலருக்கு நித்திரை குழம்பும், பழைய கனவுகள் திரும்பும். அந்த நாட்களில் நடையைச் சுருக்குங்கள், கடற்கரைப் பக்கம் போகத்தான் வேண்டுமென்றால் துணையோடு போங்கள். மாரி தொடங்கினால் கட்டு வழுக்கும், குளம் வான் பாயும், இடியும் இருக்கும். கார்த்திகை மார்கழியில் ஊர்வீதியிலோ கோவில் வீதியிலோ மழை விட்ட நேரம் நடந்தால் போதும். மாசியில் அறுவடை முடிந்து கட்டு காய்ந்த பிறகு குளத்துக்குத் திரும்பலாம். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் புதிய ஆட்களைக் கட்டுக்குக் கூட்டிப்போகத் தொடங்குகிறேன். கட்டுக்கரைக் குளத்தில் அப்போது வலசை வந்த பறவைகள் இன்னும் நிற்கும்.