கரி எஞ்சினின் குப்… குப்…

கரி எஞ்சின் கிளம்பும்போது கேட்கிற 'குப் குப்' சக்கரத்திலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது புகைபோக்கியின் சத்தம். அது நின்றுவிட்டால் எஞ்சினின் அடுப்பும் மந்தமாகிவிடும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த நண்பர் சென்ற மாசியில் காலமானார். அம்பாசமுத்திரத்துக்காரர், என்னைவிட மூத்தவர். ரயில் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். நெல்லை–செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில் கரி வண்டி ஓடிய காலத்தில், கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப்பாலத்தில் வண்டி வரும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர். அவருக்குப் பிடித்த விஷயத்தையே எழுதுகிறேன்.

பாய்லருக்குள் தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதிப்பதில்லை. பாசஞ்சர் வண்டிகளை இழுத்த ஒய்.பி. எஞ்சினில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோவுக்கு மேல். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 200 டிகிரி பக்கம் சூடு வேண்டும். டிரைவர் ரெகுலேட்டரைத் திறந்ததும் நீராவி சிலிண்டருக்குப் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. ஒரு முறை முன்பக்கமிருந்து, மறுமுறை பின்பக்கமிருந்து. பிஸ்டனின் தள்ளல் இணைப்புத் தண்டு வழியாகச் சக்கரத்தைச் சுற்றுகிறது.

சரி, வேலை முடிந்த நீராவி எங்கே போகிறது? இங்கேதான் சூட்சுமம். அதைச் சும்மா வெளியே விடாமல், புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு குறுகிய குழாய் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். அது சீறிக்கொண்டு போகும்போது சுற்றியுள்ள புகையையும் இழுத்துக்கொண்டு போகும். புகைபோக்கிக்கு அடியிலுள்ள புகைப்பெட்டியில் அழுத்தம் குறையும். அந்த இடத்தை நிரப்ப, அடுப்பின் கீழிருந்து புதுக்காற்று கரியின் ஊடே ஏறி, பாய்லர் குழாய்களுக்குள் புகுந்து வரும். வீட்டு அடுப்பை ஊதுகுழலால் ஊதுவோமே, அதே காரியம்தான். இங்கே ஊதாமல் உறிஞ்சுகிறது. பஞ்சாலையில் வானளாவிய புகைபோக்கி வைத்துக் காற்றை இழுக்கலாம். பாலத்துக்கு அடியிலும் குகைக்குள்ளும் போகவேண்டிய எஞ்சினுக்கு அது முடியாதே! 1829-ல் இங்கிலாந்தில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில், ஸ்டீபன்சன்கள் (அப்பாவும் மகனும்) செய்த 'ராக்கெட்' ஜெயித்ததற்கு, ஒன்றுக்குப் பதில் 25 குழாய்கள் வைத்த பாய்லரோடு இந்த உறிஞ்சலும் ஒரு காரணம்.

இதில் என்னை இன்றும் அசரவைப்பது ஒன்று உண்டு. பாரம் கூடினால் டிரைவர் அதிக நீராவி விடுவார். அதிக நீராவி வெளியேறினால் இழுப்பு கூடும். இழுப்பு கூடினால் தீ கொழுந்துவிட்டு எரிந்து, செலவான நீராவியை ஈடுகட்டும். தேவைக்கேற்பத் தன் அடுப்பைத் தானே தூண்டிக்கொள்ளும் இயந்திரம்.

இடது, வலது என இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நீராவியை வெளியேற்றும். இரண்டு பக்கக் கிராங்குகளும் (இணைப்புத் தண்டு சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும் இடம்) கால் சுற்று தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால், ஒரு சுற்றுக்குச் சம இடைவெளியில் நான்கு 'குப்'. ஒய்.பி. எஞ்சினின் இயக்கு சக்கர விட்டம் 1,372 மில்லிமீட்டர். ஒரு சுற்றில் 4.3 மீட்டர் நகரும். ஆக, ஒரு சத்தத்துக்கு ஒரு மீட்டர் சொச்சம்.

"சத்தத்த எண்ணுலே, வேகம் தன்னால வந்துரும்" என்பார் நண்பர். 10 விநாடியில் 40 சத்தம் என்றால் 43 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு மேல் போனால் காது எண்ணிக்கையை விட்டுவிடும்.

சத்தம் நொண்டியடித்தால், அதாவது நான்கில் ஒன்று தள்ளி விழுந்தால், நீராவியைத் திறந்து மூடும் வால்வின் அமைப்பு பிசகியிருக்கலாம். காதால் கேட்டே அதைச் சொல்லிவிடும் டிரைவர்கள் இருந்தார்கள். செங்கோட்டைக்கு மேற்கே மலையேறும்போது, பிஸ்டன் ஓட்டத்தின் பெரும்பகுதிக்கும் நீராவி விடுவதால் சத்தம் இடிபோல வரும். சமதளத்தில் வேகம் பிடித்தபின் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே நீராவியை நிறுத்தி, உள்ளே இருப்பதையே விரியவிடுவார்கள். கரி மிச்சம். சத்தமும் தணிந்துவிடும்.

இறக்கத்தில் ரெகுலேட்டரை மூடினால் 'குப்' நின்றுபோகும், இழுப்பும் நின்றுபோகும். அதற்காகவே புளோயர் என்று ஒரு வால்வு உண்டு; பாய்லர் நீராவியை நேராகப் புகைபோக்கிக்குள் பீய்ச்சும். ரெகுலேட்டரை மூடுமுன் அதைத் திறந்தாக வேண்டும். தவறினால் தீ அடுப்பு வாயிலிருந்து ஆட்கள் நிற்கும் பக்கம் பாயும். குகைக்குள் இந்த ஆபத்து இன்னும் அதிகம். நண்பரின் தாய்மாமா எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனாக இருந்தவர். ஆரியங்காவு குகை நெருங்கும்போதே அவர் கை புளோயருக்குப் போய்விடுமாம்.