சூர்யமித்ரா ட்ரெயினிங்: ஐடிஐ முடிச்சவங்க காசு கட்டாம சோலார் வேலை கத்துக்கலாம்

கிரீன் ஜாப்னு சொன்னா நம்ம ஆளுங்க மரக்கன்னு நடுறதத்தான் நெனைக்கிறாங்க. ஆனா இப்ப நெஜமா ஆள் தேடுற கிரீன் ஜாப் மொட்டை மாடில இருக்கு, சோலார் பேனல் மாட்டுறது. 2024 பிப்ரவரில பிஎம் சூர்யா கர் திட்டம் வந்துச்சு இல்லையா, மொத்தம் 75,021 கோடி ரூபா, ஒரு கோடி வீட்டுக்கு சோலார்னு இலக்கு. 1 கிலோவாட்டுக்கு 30,000 மானியம், 2க்கு 60,000, 3ம் அதுக்கு மேலயும் எவ்ளோ போட்டாலும் 78,000தான், அதோட நின்னுடும். இந்த மானியம் கிடைக்கணும்னா திட்டத்துல பதிவு பண்ணின வெண்டர்தான், அதாவது சோலார் வித்து மாட்டிக் குடுக்குற கம்பெனிதான் மாட்டணும், வெண்டருக்கு வேலை தெரிஞ்ச பசங்க வேணும். மானியத்த பத்தி ஊரே பேசுது, மாட்டுற வேலைய எங்க போய் கத்துக்கறதுனு பெருசா யாரும் சொல்லல, அதான் எழுதுறேன்.

சூர்யமித்ரா மத்திய அரசோட புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்து திட்டம், 2015ல ஆரம்பிச்சது. குருகிராம் பக்கம் இருக்குற தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம்தான் நடத்துது, ஆனா அதுக்காக அங்க வரைக்கும் போக வேண்டியதில்ல, ஒவ்வொரு மாநிலத்துலயும் அவங்க தேர்ந்தெடுத்த சென்டர்ல பேட்ச் போடுவாங்க. 600 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட 3 மாசம், ஒரு பேட்ச்சுக்கு 30 பேர். ஃபீஸ் கிடையாது, தங்கி படிக்கிற பேட்ச்னா சாப்பாடும் தங்குற செலவும் அரசாங்கமே குடுத்துரும். முடிவுல பசுமை வேலைகளுக்கான திறன் கவுன்சில் பரீட்சை வச்சு சர்டிஃபிகேட் குடுக்கும்.

யாரு சேரலாம்னா, பத்தாவதோட ஐடிஐ முடிச்சிருக்கணும், எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர், ஷீட் மெட்டல் மாதிரி ட்ரேடு. டிப்ளமோவும் ஓகே. எலக்ட்ரீஷியனுக்குத்தான் முதல் இடம், கிராமத்து பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் எஸ்சி எஸ்டி பிரிவுக்கும் முன்னுரிமை இருக்கு. பி.இ முடிச்சவங்க சேர முடியாது! இத கேட்டு என் அத்தை பையனுக்கு செம கோவம், நாலு வருஷம் படிச்சதுக்கு இதுதான் மரியாதையானு கேட்டான். ஆனா எனக்கு இந்த ரூல் சரின்னுதான் படுது, டிகிரிக்காரங்கள விட்டா ஐடிஐ பசங்களுக்கு ஒரு சீட்டு மிஞ்சாது, அப்புறம் அந்த டிகிரிக்காரங்க மாடி ஏறாம டிசைன் வேலைக்கு போயிருவாங்க.

உள்ள என்ன சொல்லித் தராங்கன்னா, மாடில நிழல் எங்க விழுதுனு பாக்குறது, ஸ்ட்ரக்சர் நிறுத்துறது, டிசி கேபிள் இழுக்குறது, கேபிள் நுனில கனெக்டர அழுத்தி இறுக்குறது (கிரிம்ப்), எர்த்திங், இன்வெர்ட்டர், அப்புறம் பராமரிப்பு. வீட்டு வயரிங் தெரிஞ்சவங்களுக்கே இதுல புதுசா ஒண்ணு இருக்கு. வீட்ல மெயின ஆஃப் பண்ணா முடிஞ்சுது, பேனல்ல அப்படி இல்ல, வெயில் அடிக்கிற வரைக்கும் வோல்டேஜ் இருந்துட்டே இருக்கும், லோடு ஓடும்போது கனெக்டர பிடுங்கினா ஆர்க், அதாவது பெரிய தீப்பொறி, அடிச்சு கைய பதம் பாத்துரும். யூட்யூப் பாத்து மாட்டிக்கலாம்னு சொல்றவங்க இந்த ஒரு விஷயத்த யோசிக்கணும்.

இதே வரிசைல வாயுமித்ரா காத்தாலைக்கு, வருண்மித்ரா சோலார் பம்ப்செட்டுக்கு. காத்தாலை பயிற்சிய நடத்துற தேசிய காற்றாலை நிறுவனம் நம்ம சென்னை பள்ளிக்கரணைலயே இருக்கு, கயத்தாறுல அவங்களுக்கு டெஸ்ட் ஸ்டேஷனும் உண்டு. முப்பந்தல், கயத்தாறு பக்கத்து பசங்கன்னா சோலாருக்கு முன்னாடி இதத்தான் விசாரிக்கணும், ஆனா உசரம்னா பயம் இருக்கக்கூடாது.

அப்ளை பண்றதுக்கு அந்த சூரிய ஆற்றல் நிறுவனத்தோட வெப்சைட்ல சென்டர் லிஸ்ட் பாருங்க, இல்லன்னா நீங்க படிச்ச ஐடிஐலயோ மாவட்ட திறன் பயிற்சி ஆபீஸ்லயோ கேளுங்க. வருஷம் முழுக்க பேட்ச் ஓடாது, ஒதுக்கீடு வந்தாத்தான், அதனால ஒரு தடவ இல்லன்னு சொன்னா விட்டுராதீங்க, ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப கேளுங்க. பத்தாவது மார்க்‌ஷீட், ஐடிஐ சர்டிஃபிகேட், ஆதார், பேங்க் பாஸ்புக், ஜாதி சான்றிதழ் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ரெடியா வச்சுக்கோங்க. எங்க ஊர் பையன் ஒருத்தன்கிட்ட ஒரு சென்டர்ல சீட்டு பிடிச்சு வைக்க 3,000 ரூபா கேட்டிருக்காங்க, அவன் ரசீது குடுங்கன்னு சொன்னதும் பேச்சையே மாத்திட்டாங்க. சூர்யமித்ராவுக்குன்னு யாரு காசு கேட்டாலும் குடுக்காதீங்க.

வேலைக்கு உதவி பண்ணுவாங்க, கேரண்டி கிடையாது. சேர்றதுக்கு முன்னாடி போன பேட்ச்ல முடிச்சவங்க ரெண்டு பேர் நம்பர் வாங்கி, இப்ப எங்க இருக்காங்க, கைல எவ்ளோ வருதுன்னு நேரா கேட்டுருங்க, அதுலயே சென்டரோட லட்சணம் தெரிஞ்சுரும். இன்னொண்ணு, இந்த சர்டிஃபிகேட் வயர்மேன் லைசென்ஸ் ஆகாது. தனியா கான்ட்ராக்ட் எடுத்து செய்ற ஐடியா இருந்தா எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் லைசென்ஸ் தனியா வாங்கணும், ட்ரெயினிங் முடிஞ்சு வேலைக்கு சேர்ந்த கையோட அதுக்கு என்னென்ன வேணும்னு விசாரிக்க ஆரம்பிச்சிருங்க.