வேலையில்லாதோர் உதவித்தொகை: சோலி பார்த்தால் கிடைக்குமா?

மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ ஒரு வீட்டில் போய், "மக என்ன செய்தா?" என்று கேட்டுப் பாருங்கள். "பி.காம். முடிச்சிட்டுச் சும்மாத்தான் இருக்கா, பீடி சுத்துதா" என்று பதில் வரும். சும்மா இருப்பதும் பீடி சுற்றுவதும் ஒரே மூச்சில் வந்துவிடும். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது உறுத்தாது. திருநெல்வேலிச் சீமையில் வேலை என்றால் மாதம் பிறந்தால் சம்பளம் வருவது. பீடித்தட்டு, பத்தமடையில் பாய் நெய்வது, சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது, சித்தப்பா கடையில் கணக்கு எழுதுவது எல்லாம் சோலி.

வேலையில்லாதோர் உதவித்தொகைப் படிவத்தில் இருக்கும் 'வேலை' அந்தச் சோலியையும் சேர்த்தே பிடிக்கிறது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதலில் வேலை. பழைய காப்பியங்களைப் புரட்டினால் 'வேலை' என்ற சொல் பெரும்பாலும் கடலைக் குறிக்கும். வடமொழி 'வேலா'வுக்குக் கரை, எல்லை, காலம் என்று பொருள்கள். காலம் என்ற பொருளில் 'வேளை' நம்மிடம் தனியாக வாழ்கிறது. தொழில் என்ற பொருளில் இன்று நாம் சொல்லும் வேலையையும் அகராதி இந்தக் குடும்பத்தோடுதான் சேர்க்கிறது. இவ்வளவு நேரம் இவருக்கு என்று அளந்து கொடுப்பதுதானே சம்பள வேலை; எனக்கு அந்த உறவு பொருத்தமாகவே படுகிறது.

சோலி வேறு வழியில் வந்தது. மற்ற ஊர்களில் ஜோலி என்பார்கள். தெலுங்கிலும் ஜோலி உண்டு, விவகாரம், சம்பந்தம் என்ற பொருளில். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கிவிட்டால் ஜோலி என்பதே உத்தியோகம். மலையாளத்தில் 'ஜோலி கிட்டி' என்றால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். மலைக்கு இந்தப் பக்கம் 'சோலியப் பாருலே' என்றால் விரட்டல். ஒரே சொல்லுக்கு மலையின் இரு சரிவிலும் இரண்டு மரியாதை.

இனி உதவித்தொகை. தமிழக அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகக் கொடுப்பது இது. நம் மாவட்டத்துக்கு அந்த அலுவலகம் பாளையங்கோட்டையில். பத்தாம் வகுப்பு தோல்வி என்றால் மாதம் 200 ரூபாய், தேர்ச்சி என்றால் 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டத்துக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும். அதிகபட்சம் மூன்று ஆண்டு. பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்திருக்க வேண்டும், பதிவைப் புதுப்பித்தபடி. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள். வயது 40-க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 45-க்குள். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்கும் கிடையாது. தொலைநிலைக் கல்வி என்றால் தடையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு விதி இளகுகிறது: ஓராண்டுப் பதிவு போதும், வருமான வரம்பு இல்லை, 600 முதல் 1,000 ரூபாய் வரை, பத்து ஆண்டுகளுக்கு.

இதற்கு நடுவில் ஒரு வரி: விண்ணப்பிப்பவர் அரசு, தனியார் எதிலும் பணியில் இருக்கக் கூடாது, சுயதொழிலும் செய்யக் கூடாது. பகுதிநேரம், முழுநேரம் என்ற பேச்சே அதில் இல்லை. அரை நாள் வேலைக்கு அரைத் தொகை என்ற கணக்கும் இல்லை. ஜவுளிக்கடையில் தீபாவளி சீசனுக்கு மட்டும் நின்றாலும், அந்தச் சொல்லின்படி நீங்கள் பணியில் இருப்பவர்தான்.

வேறு நாடுகளில் இந்த இடம் இவ்வளவு கறாராக இல்லை. ஜெர்மனியில் காப்பீட்டு வழியில் உதவி பெறுகிறவர் வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்க்கலாம். மாதம் 165 யூரோ வரை சம்பாத்தியத்தைத் தொட மாட்டார்கள், அதற்கு மேல் வந்தால் உதவியில் கழிப்பார்கள். அமெரிக்க மாநிலங்களில் வாராவாரம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் எழுதாமல், வேலை பார்த்த வாரத்தில் எழுத வேண்டும் என்பது அங்கே பொதுவான விதி. புது வேலையில் சேர்ந்தவர்கள் முதல் சம்பளம் வரட்டும் என்று இருந்து, பின்னால் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவது அதனால்தான்.

நம் ஊருக்கு வருவோம். பீடி சுற்றும் தொழிலாளி என்று காட்டும் பீடி அட்டை அம்மா பேரில் இருக்கும், இலை வெட்டிச் சுற்றுவது மகளாக இருக்கும். அட்டை தன் பேரில் இல்லை என்பதால் மகள் வேலையில்லாதவளா? காகிதத்தில் அப்படித்தான் தெரியும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் சுய உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது அவள்தான், அட்டை இல்லை. அம்மாவின் பீடிக்கூலியும் அந்த 72,000-க்குள் அடங்க வேண்டும். மாதம் ஆறாயிரம்தான் எல்லை. என் கருத்து, சந்தேகம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அலுவலகத்தில் வாய் திறந்து கேட்டுவிடுவது. 600 ரூபாய்க்காகப் பொய் எழுதுவது கட்டுப்படியாகாது. வருமான வரம்பையும் இந்த 600-ஐயும் பார்த்தால், விதி எழுதியவர்கள் சமீபத்தில் அரிசி வாங்கினார்களா என்ற கேள்வியும் எனக்கு உண்டு, அது தனிக்கதை.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருந்தவர்களுக்கு வேறொரு கதவு. கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்த்து ஆள்குறைப்பில் வீட்டுக்கு வந்தவர் இந்தப் பக்கம் போக வேண்டும். 2018 ஜூலை 1-ல் தொடங்கிய இ.எஸ்.ஐ.யின் வேலையிழப்புத் திட்டமான அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவில் முதலில் சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதம் இருந்தது. 2020-ல் 50 ஆனது. வாழ்நாளில் மொத்தம் 90 நாள். வேலை போய் 30 நாள் ஆனதும் கேட்கலாம். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்கள், ஓய்வு வயதில் வந்தவர்கள், விருப்ப ஓய்வு எடுத்தவர்களுக்கு இல்லை.

இரண்டையும் நாம் 'உதவித்தொகை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆங்கில 'பெனிஃபிட்' லத்தீனில் நன்மை செய்தல் என்ற பொருளில் பிறந்தது. பிரிட்டனில் 1911 சட்டம் சில தொழில்களில் இருந்தவர்களுக்கு வாரம் ஏழு ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை கொடுத்தது, அவர்களும் சந்தா கட்டிய காப்பீடாக. முதல் உலகப் போருக்குப் பின் அந்த நாட்டு மக்கள் இப்படி வரும் பணத்தை 'டோல்' என்றார்கள். பங்கு என்பதுதான் அதன் பழைய பொருள். பின்னால் அது இழிவாகத் தேய்ந்தது.

இ.எஸ்.ஐ. தருவதற்கு 'வேலையிழப்புக் காப்பீடு' என்பதே சரி. கட்டியவர் வாங்குகிறார், அதில் உதவி எங்கே வந்தது? மாநில அரசு தருவதற்கு 'வேலையில்லாக் காலப் படி' என்பேன். படி நெல் அளக்கும் படிதான். நாட்செலவுக்குக் கொடுப்பதும் படி. அகவிலைப்படி, பயணப்படி எல்லாம் அரசாங்கத்தின் வாயிலேயே இருக்கின்றன. 'வேலையில்லாதோர்' ஆளின் மேல் ஒட்டுகிற பட்டம். 'வேலையில்லாக் காலம்' முடியக்கூடிய ஒன்று. இலங்கைத் தமிழர் புழங்கும் 'கொடுப்பனவு' நல்ல சொல்தான், நம் பக்கம் வேர்விடவில்லை.

வேலை கிடைத்துவிட்டால், சேர்ந்த தேதியை எழுதி அலுவலகத்தில் கொடுத்துத் தொகையை நிறுத்தச் சொல்ல வேண்டும். பயந்து பலர் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம், பதிவும் போய்விடும் என்ற எண்ணம். போகாது. உதவித்தொகை வாங்கியதாலும் பதிவு ரத்தாவதில்லை, தனியார் வேலையில் சேர்ந்ததாலும் ரத்தாவதில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் பதிவு மூப்பு அப்படியே நிற்கும்.