கார்ன் ஸ்நேக்குக்குச் சான்றிதழ் கேட்டால் என்ன செய்வது?

தெரிந்த பையன் ஒருவன் மூன்று மாதம் அலைந்தான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கார்ன் ஸ்நேக், அமெரிக்காவைச் சேர்ந்த பாம்பு. ஆரஞ்சு உடம்பில் சிவப்புத் திட்டுகள், விஷம் கிடையாது, தடிமன் அவன் சுண்டுவிரல் அளவு. ரேஞ்சர் ஆபீஸில் "பரிவேஷில் பதிந்து சான்றிதழ் கொண்டு வா" என்றார்கள். பரிவேஷ் என்பது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளம். அதில் தேடினால் அந்தப் பாம்பின் பெயரே இல்லை. மாவட்ட வன அலுவலகத்தில் போய்ச் சொன்னால், "பதிய முடியலைன்னா அப்போ அது சட்டவிரோதம்தானே?" என்று கேட்டார்கள். மூன்று மாதத்தில் ஒருவராவது சட்டத்தின் அட்டவணையைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

சட்டம் இதுதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது, சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். அந்த அட்டவணை விலங்கை உயிரோடு வைத்திருப்பவர் பிரிவு 49எம்-இன்படி பதிய வேண்டும். 2024 பிப்ரவரி 28 அன்று விதிகள் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அது ஆகஸ்ட் 28 அன்று முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வாங்குகிறவருக்கு, கைக்கு வந்ததிலிருந்து 30 நாள்.

கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அதனால் நான்காம் அட்டவணையிலும் இல்லை, பதிவும் கிடையாது. ஆனால் பதிவு வேண்டாம் என்பதைக் காகிதமே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு மாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் ஆபீஸ் சங்கதி. வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு அலையாதீர்கள். 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. "கார்ன் ஸ்நேக் வளர்க்கலாமா?" என்று கேட்டால், கருத்துச் சொல்வது எங்கள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கார்ன் ஸ்நேக்கின் அறிவியல் பெயரைப் போட்டு, "பேந்தெரோஃபிஸ் குட்டாட்டஸ் என்ற பாம்பைப் பதிய வேண்டும் என்று சொல்லும் ஆணை ஏதும் இருந்தால் நகல் தரவும்" என்று கேளுங்கள். ஆணை இல்லை என்றால் இல்லை என்று எழுதித்தான் ஆக வேண்டும். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த மேசையில் உதவும்.

சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் புரோக்கர்களும் உண்டு. "லிஸ்ட்ல இருக்கிற வேற பாம்பு பேர்ல பதிஞ்சிடலாம் சார், யாரு பாக்கப் போறா" என்பார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். குற்றமே இல்லாத இடத்தில் பொய்த் தகவல் கொடுத்த குற்றத்தை நீங்களே காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

அடுத்தது, பாம்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. சைட்டிஸில் இல்லை என்பதால் வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவரலாம் என்று அர்த்தம் இல்லை. ஊர்வன இறக்குமதிக்கு டி.ஜி.எஃப்.டி. (மத்திய அரசின் வெளிநாட்டு வணிக இயக்குநரகம்) உரிமம் வேண்டும். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த பைகளில் 45 பால் பைத்தான்களோடு (ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) கார்ன் ஸ்நேக்குகளும் பிடிபட்டன. இப்படி வரும் சரக்கில் பிடிபடாத பை யார் வீட்டுக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, ஜிபேயில் பணம் போட்டு, பஸ் பார்சலில் வாங்கியவரிடம் சுங்கத்துறை வந்து கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

அதனால் வாங்கும்போதே எழுத்தில் ரசீது கேளுங்கள்: இனத்தின் பெயர், நிறவகை, பொரித்த மாதம், விற்றவர் முகவரி, கையெழுத்து. "இம்போர்ட் பேப்பர் இருக்கு" என்று சொன்னால் அதில் எந்த இனம், எத்தனை உருப்படி, எந்த வருடம் என்று பாருங்கள். வேறு எதற்கோ வாங்கிய உரிமத்தின் ஜெராக்ஸைக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

குஞ்சு பொரிக்க வைப்பவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்தான் ஆதாரம். முட்டையிட்ட தேதி, எத்தனை முட்டை, பொரித்த தேதி, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். வாரம் ஒரு முறை முட்டைப் பெட்டியைப் படம் எடுத்தால் போதும். இங்கேயே பிறந்த குஞ்சு என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பக்கத்துப் பெட்டியில் பால் பைத்தான் இருந்தால் கதை வேறு. அது நான்காம் அட்டவணை; பதிவு கட்டாயம், குஞ்சு பிறந்தாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பதியாமல் இருந்துவிட்டு, சோதனைக்கு வருகிறவர்களிடம் கார்ன் ஸ்நேக்குக்கு மட்டும் சட்டம் பேச முடியாது.

இன்னொன்று, விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று நம்மூர்ப் பாம்பை வாங்கிவிடாதீர்கள். ட்ரிங்கெட் பாம்புக் குட்டியை கார்ன் ஸ்நேக் என்று தள்ளிவிட்டால் புதியவருக்குத் தெரியாது. வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண நிற கார்ன் ஸ்நேக் என்றால் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இருக்கும். ஆனால் அமெல், ஸ்னோ என்ற நிறவகைகளில் கறுப்பே இருக்காது. நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு அட்டவணைகளில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருந்தால் சிறை வரை போகும். நம்மூர் மலைப்பாம்பு என்றால் குறைந்தது மூன்று வருடம்.

அப்புறம், எல்லாம் சரியாக இருந்தும் பாம்பை எடுத்துப் போகத்தான் செய்வோம் என்று அதிகாரிகள் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். மகஜர் (பறிமுதல் செய்ததை எழுதும் ஆவணம்) நகல் கேளுங்கள். அதில் "வெளிநாட்டுப் பாம்பு - 1" என்று மட்டும் எழுதியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் இனத்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் உங்கள் கையெழுத்துக்கு மேலே நீங்களே எழுதிவிடுங்கள்.