பெத்தாவின் இரண்டு சலக் குளிசைகள்

கல்லடியில் இருக்கும் என் பெத்தாவுக்கு இதயம் பலவீனம், கால் வீங்கும். கிளினிக்கில் இரண்டு சலக் குளிசை கொடுத்திருக்கிறார்கள்: ஃபியூரோசமைட், ஸ்பைரோனோலாக்டோன். முதலாவதைப் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் கட்டிலுக்கும் கக்கூசுக்குமாக நடக்கத் தொடங்கிவிடுவார். இரண்டாவதன் மேல் அவருக்கு மதிப்பே இல்லை. "அதால ஒண்டும் நடக்குதில்ல மனே, சும்மா தாறாங்க."

சும்மா தரவில்லை. இரண்டும் கொழுப்போடு பழகும் விதம் வேறு, அவ்வளவுதான்.

எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு மூடியிருக்கிறது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, வால்கள் உள்ளே, தண்ணீரை விரும்பும் தலைகள் வெளியே என நிற்கின்றன. தடிப்பு ஏறக்குறைய 5 நனோமீற்றர். இதைக் கடக்க யாரால் முடியும் என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை, குசினி போதும். தேங்காய் எண்ணெயில் உப்பைப் போட்டால் கரையாமல் அடியில் கிடக்கும். மஞ்சளைப் போட்டால் எண்ணெயே மஞ்சளாகிவிடும்.

ஃபியூரோசமைட் உப்பின் கட்சி. அது ஓர் அமிலம். இரத்தத்தில் மறை மின்னேற்றத்தோடுதான் திரியும். ஏற்றமுள்ளதைக் கொழுப்பு உள்ளே விடாது. குடலில் உறிஞ்சப்படுவதும் சீரில்லை: சராசரியாகப் பாதிதான் இரத்தத்தைச் சேரும், ஆளுக்கு ஆள் பெரிதாக மாறும். இதய நோயில் குடலும் வீங்கிவிட்டால் அது இன்னும் தாமதமாகும். மூச்சு முட்டி வருபவருக்கு வார்ட்டில் அதே மருந்தை ஊசியாக ஏற்றுவது இதற்காகத்தான்.

இரத்தத்தில் அதன் பெரும்பகுதி அல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. சிறுநீரக வடிகட்டி அல்புமினை விடாது என்பதால் அந்த வழியும் கிட்டத்தட்ட அடைப்புத்தான். அப்புறம் எப்படிச் சிறுநீருக்குப் போகிறது? சிறுநீரகத்தின் சிறுநீர் ஓடும் சிறுகுழாயின் தொடக்கப் பகுதிக் கலங்களில் அமிலங்களைத் தூக்கிக் கடத்தும் புரதங்கள் இருக்கின்றன. தோணிக்காரர் ஆளை ஏற்றி வாவியைக் கடப்பதுபோல, அவை மருந்தை இரத்தத்திலிருந்து எடுத்து சிறுநீர்ப் பக்கம் இறக்கிவிடுகின்றன. அங்கிருந்து ஓட்டத்தோடு அதே சிறுகுழாயின் வளைந்த பகுதியான ஹென்லேயின் தடத்துக்குப் போய், சோடியம், பொற்றாசியம், குளோரைட்டு மூன்றையும் சேர்த்து மீள உறிஞ்சும் புரதத்தை வெளிப்பக்கமாக நின்றே அடைக்கிறது. கலத்துக்குள் நுழையவே வேண்டாம். வடிகட்டிய சோடியத்தில் ஏறக்குறைய கால்வாசி மீளும் இடம் அது. அங்கே அடைத்தால் உப்பும், பின்னாலேயே தண்ணீரும் சலமாகப் போகத்தானே வேண்டும்? சிறுநீரகம் பழுதானால் தோணிகள் குறையும். அதனால் கூடிய டோஸ் தேவைப்படுகிறது.

ஸ்பைரோனோலாக்டோன் மஞ்சள் கட்சி. கொலஸ்ட்ரோலின் உறவான ஸ்டீரொயிட்டுக் கட்டமைப்பு, ஏற்றம் இல்லை. மென்சவ்வில் கரைந்து உள்ளே போய்விடும், தோணி தேவையில்லை. சாப்பாட்டோடு போட்டால் நன்றாக உறிஞ்சப்படும். ஃபியூரோசமைட்டுக்கோ சாப்பாடு இடைஞ்சல்.

இவ்வளவு சுலபமாக உள்ளே போகிற மருந்து ஏன் மெதுவாக வேலை செய்கிறது? அது உள்ளே தேடுவது குழாயை அல்ல, கட்டளையை. அல்டொஸ்தரோன் என்ற ஓமோன் கலத்துக்குள் ஒரு வாங்கியோடு, அதாவது ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தோடு, சேர்ந்து, சோடியக் கால்வாய்களைக் கூட்டும்படி ஜீன்களுக்குச் சொல்கிறது. அந்த வாங்கியில் ஸ்பைரோனோலாக்டோன் போய் உட்கார்ந்துவிடுகிறது. புதுக் கட்டளை நிற்கும்; ஏற்கெனவே செய்து வைத்த புரதங்கள் தேய வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள். ஸ்டீரொயிட்டு முகம் என்பதால் சில சமயம் ஆண் ஓமோனின் வாங்கியிலும் உட்கார்ந்துவிடும். சில ஆண்களுக்கு மார்பு வீங்குவது அதனால்தான்.

இதய நோயாளிகளுக்கு அந்த மெதுவான குளிசையின் மதிப்பு 1999இல் தெரிந்தது. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் நடந்த பெரிய ஆய்வொன்றில், அதைச் சேர்த்துக் கொடுத்தபோது இறப்பு ஆபத்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது.

ஒன்று மட்டும் கவனம்: ஃபியூரோசமைட் பொற்றாசியத்தை வெளியேற்றும், ஸ்பைரோனோலாக்டோன் தேக்கி வைக்கும். கிளினிக்கில் அடிக்கடி இரத்தம் எடுப்பது அதைப் பார்க்கத்தான். இளநீரில் பொற்றாசியம் நிறைய இருக்கிறது, டொக்டரிடம் கேட்டுக் குடியுங்கள் என்று பெத்தாவிடம் சொன்னேன்.

"அப்ப இந்தக் குளிசைக்குத்தான் இளநியிலயும் கண்ணா?" என்று கேட்டுவிட்டு, முதல் முறையாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.