கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுகிறீர்களா?

சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை காலையில் வரும் புகார்களில் ஒரு வகை எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஞாயிறன்று ஏடிஎம்மில் பணம் வராமலே கணக்கில் கழிந்திருக்கும். கிளை மூடியிருக்கும். வங்கியின் பெயரோடு ‘கஸ்டமர் கேர்’ என்று கூகுளில் போட்டு, மேலே வந்த எண்ணுக்குப் பேசியிருப்பார்கள்.

மாம்பலத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போனை என்னிடம் நீட்டி, “கூகுள்லயே போட்டிருக்கே சார்!” என்றார். போட்டுத்தான் இருந்தது. அதன் தலைக்கு மேல் பொடி எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்றும் இருந்தது. காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். மறுமுனையில் பேசியவன் ரொம்ப மரியாதையாக, திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்லி, “ரீஃபண்ட் வர யுபிஐ பின் போடுங்க” என்றிருக்கிறான். பணம் வர யுபிஐ பின் தேவையே இல்லை, அனுப்பத்தான் அது வேண்டும்.

தேடுபொறி எதையும் விசாரித்துச் சொல்வதில்லை. இணையத்தில் கிடப்பதைத் திரட்டி வரிசைப்படுத்தித் தருகிறது, அவ்வளவுதான். கூகுள் மேப்பில் ஒரு கிளையின் எண்ணைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். தவறான திருத்தம் சில சமயம் ஏறியும் விடுகிறது. இப்போது மேலே வரும் ஏஐ சுருக்கமும் இதே குவியலிலிருந்துதான் எடுக்கிறது.

சந்தேகமான எண் கிடைத்தால் நான் ஒன்று செய்வேன். அந்த எண்ணையே இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவேன். ஒரே எண் வங்கிக்கும் கூரியருக்கும் பிரிட்ஜ் சர்வீசுக்கும் சேவை எண்ணாக வந்து நின்றால், அப்புறம் சொல்லவே வேண்டாம். எதுவும் வரவில்லை என்பதற்காக அது நல்ல எண் ஆகிவிடாது, புதிதாக வாங்கிய சிம்மாகவும் இருக்கலாம்.

உண்மையான எண் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. தளத்துக்குப் போவதென்றால் முகவரியின் வாலைப் பாருங்கள். வங்கிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. வங்கி அல்லாதவர்களுக்கு அந்த முகவரி கிடைக்காது. பாஸ்போர்ட், வில்லங்கச் சான்று என்றால் ‘டாட் ஜிஓவி டாட் இன்’. பாஸ்போர்ட் பெயரில் போலித் தளங்கள் இருப்பதாக வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது.

பணம் போய்விட்டதா? திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.